வராதே என்று கை காட்டிய நாள்

தாழந்திட்டுக்கு உங்களில் இரண்டு பேரை அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போவது யார் யார் என்று தெரியாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஹெலிகாப்டரை எப்படி இறக்குவது என்று நான் சொல்லப் போவதில்லை. காற்றுப் பார்ப்பது, சைகை காட்டுவது, வயர்லெஸ்ஸில் பேசுவது எல்லாம் பயிற்சியிலேயே கற்றிருப்பீர்கள். என்னைவிட உங்களுக்கு நன்றாகவே வரும். இறங்குதளத்தில் நிற்பவளின் வேலை என்னவென்று வெளியில் யாருக்கும் புரிவதில்லை. என் மாமியார் கடைசிவரை, ‘எம் மருமவ ஹெலிகாப்டர் ஓட்டுது’ என்றுதான் புவனகிரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை. கீழே நின்று கை காட்டுவதற்கு ஒரு சம்பளமா என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு நாளைப் பற்றி. அந்த நாளுக்காகத்தான் என்னை இத்தனை வருஷம் வேலையில் வைத்திருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

தாழந்திட்டு கொள்ளிடத்தின் நடுவில் இருக்கிற தீவு. சிதம்பரத்திலிருந்து தெற்கே போய், வண்டியைக் கரையில் விட்டுவிட்டு, படகில்தான் போக வேண்டும். இருளர் குடும்பங்கள் மட்டும் வாழ்கிற இடம். கையால் தடவி இறால் பிடிப்பார்கள், நண்டு பிடிப்பார்கள், ஆடு வளர்ப்பார்கள். கிள்ளைப் பக்கமிருந்து பெண் எடுப்பார்கள், கொடுப்பார்கள். பாலம் கிடையாது. ஒருமுறை வெள்ளத்தில் படகு போக முடியாமல், பிரசவம் சிக்கலாகி ஒரு பெண் இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் அங்கே ஒரு ஹெலிகாப்டர் தளம் வேண்டும் என்று முடிவாயிற்று.

திட்டில் உயரமான இடம் ஒன்றே ஒன்று. ஆற்றுக்குக் குறுக்கே யானை படுத்திருப்பது போல ஒரு மண்மேடு. அதன் உச்சியைச் சமன்படுத்தி, சிமெண்ட் போட்டு, வட்டம் வரைந்துவிட்டார்கள். என்னைப் பொறுப்பாளராகப் போட்டபோது தளம் கட்டி முடிந்திருந்தது.

முதல்நாள் நான் போய் நின்றதும் ஒரு பெண் வந்து, வட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு என்னிடம் பேசினார். பெயர் கன்னியம்மா. நாற்பது வயது இருக்கும். அந்தத் திட்டிலிருந்து முதன்முதலாகப் பஞ்சாயத்து வார்டு மெம்பர் ஆனவர் அவர்தான். வணக்கம் எல்லாம் இல்லை. நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“மேடம், ஹெலிகாப்டர் வந்தா இந்த மேடு அதுக்கு. தண்ணி வந்தா இந்த மேடு எங்களுக்கு. ரெண்டும் ஒண்ணா வந்தா யாருக்கு?”

“தண்ணி வர்றதுக்கு முன்னாடியே உங்களை எல்லாம் கரைக்கு அழைச்சிட்டுப் போயிடுவாங்கம்மா.”

“அழைச்சிட்டுப் போவாங்க. போன தடவ கல்யாண மண்டபத்துல கொண்டுபோய் வச்சாங்க. திரும்பி வந்து பாத்தா ஆடு இல்ல, வலை இல்ல, வூட்டுல கதவு கூட இல்ல. இனிமே நாங்க எங்கயும் போவ மாட்டோம்.”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மக்கள் நிற்பதற்கு இன்னொரு மேடு வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இந்த இடத்தில் இன்னொருவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கடலூர் முதுநகரில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். ராணுவத்திலிருந்து வந்தவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை பெரிய பதவியில் இருந்த ஒருவர் ஹெலிகாப்டரில் வந்தார். வரவேற்க வந்த கட்சிக்காரர்கள் தளத்தை ஒட்டி வளைவு வைத்து, துணித் தோரணம் கட்டியிருந்தார்கள். அவிழ்க்கச் சொன்னார் இவர். அவிழ்க்கவில்லை. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்தபோது, கொட்டுமேளம் முழங்க, மாலையும் கையுமாக அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். தோரணத்தை அறுத்துப் போட்ட பிறகுதான் இறங்கவிட்டார். அடுத்த மாதமே அவரைத் தென்கோடிக்கு மாற்றினார்கள்.

வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். வருத்தமாக இருக்கிறதா சார் என்று கேட்டேன்.

“வான்னு சொல்றதுக்கு ஆயிரம் பேரு இருப்பாங்கம்மா. வராதேன்னு சொல்றதுக்குத்தான் நமக்குச் சம்பளம்” என்றார். வண்டி வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்.

அப்போது அது எனக்கு ஒரு கெட்டிக்காரப் பேச்சாகத்தான் பட்டது. அதன் கனம் தெரியவில்லை.

நான் தாழந்திட்டுக்குப் பொறுப்பேற்ற பிறகு ஒரு வருஷம் மேட்டூர் நிரம்பி, அணைக்கரையில் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். கொள்ளிடம் கரை முட்டப் போகிறது என்று எச்சரிக்கை வந்ததும், என்னையும் செல்வம் என்கிற ஆம்புலன்ஸ் நர்ஸையும் முன்கூட்டியே திட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் போன படகிலேயே வயதானவர்களையும், கைக்குழந்தை வைத்திருந்தவர்களில் சிலரையும் கரைக்கு ஏற்றி அனுப்பினோம். மற்றவர்கள் சொன்னபடியே நகரவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆறு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. எல்லோரும் ஆடு, கோழி, பாத்திரம், வலை, கதவுப்பலகை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். தளத்தின் மேல் தார்ப்பாய்க் கூடாரங்கள் முளைத்தன. வேர் பிடுங்கிய மரங்கள் ஆற்றில் உருண்டு வந்ததால் படகு நின்றுபோயிற்று.

விடிந்தும் விடியாத நேரத்தில் கன்னியம்மா வந்து என்னை உலுக்கினார். கூடாரத்துக்குள் படுத்திருந்த அவருடைய புருஷன் வேலுவை ஏதோ கடித்திருந்தது. வெள்ளத்துக்குப் பயந்து நாங்கள் மேடு ஏறியது போலவே பாம்புகளும் ஏறியிருந்தன.

செல்வம் டார்ச் அடித்துப் பார்த்தார். கடிவாயில் வீக்கமே இல்லை. ஆனால் வேலுவின் இமைகள் தானாகத் தாழ்ந்துகொண்டிருந்தன.

“கட்டுவிரியனா இருக்கும் மேடம்” என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். “இப்ப பேசறாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல பேச்சு குழறும். அப்பறம் மூச்சு விடற சக்தி போயிடும். என்கிட்ட மருந்து இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆவணும். மூச்சு நின்னா பையை அமுக்கிக் காத்து குடுத்துக்கிட்டே இருப்பேன். எவ்ளோ நேரம்னு தெரியாது.”

தாழ்ந்த குரலில்தான் சொன்னார். கன்னியம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

“பாம்பு புடிக்கற சனம்னு ஊரே சொல்லுது” என்றார் அவர். “நாங்க நண்டு புடிக்கறவங்க மேடம். எங்களுக்கு இன்னா தெரியும்? ஹெலிகாப்டரக் கூப்புடுங்க.”

கூப்பிட்டேன். கடலூர் கட்டுப்பாட்டு அறையில் உடனே ஒப்புக்கொண்டார்கள். வெளிச்சம் நன்றாக வந்ததும் கிளம்பும் என்றார்கள். நான் திரும்பித் தளத்தைப் பார்த்தேன். சிமெண்ட் வட்டம் கண்ணுக்கே தெரியவில்லை. அதன் மேல் ஒரு ஊர் உட்கார்ந்திருந்தது.

நீங்கள் பயிற்சியில் காலியான மைதானத்தில்தான் இறக்கிப் பார்த்திருப்பீர்கள். ஹெலிகாப்டர் இறங்கும்போது கீழே அடிக்கிற காற்று ஆளைப் புரட்டிப் போடும். கீற்று, துணி, தகரம் எதுவும் நிற்காது. மேட்டில் ஒருவர்கூட இருக்கக் கூடாது. ஆனால் மேட்டை விட்டால் சுற்றிலும் தண்ணீர்.

கிழக்குச் சரிவில் மட்டும் ஒரு வழி இருந்தது. மேற்கிலிருந்து வரும் வெள்ளத்தை மேடு தடுத்து இரண்டாகப் பிரித்துவிடுவதால், அதன் பின்பக்கத்தில் இழுப்பு குறைவு. அங்கே தென்னைகள் வரிசையாக நின்றன. மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் எல்லோரும் குனிந்து நிற்கலாம். ஹெலிகாப்டர் வந்து போகும் வரை.

இதை நான் போய்ச் சொன்னபோது மக்கள் என்னைப் பைத்தியக்காரி போலப் பார்த்தார்கள்.

“தண்ணி வருது, மேல ஏறுன்னீங்க. இப்ப தண்ணியில எறங்குங்கறீங்க” என்று ஒருவர் கத்தினார். பிள்ளைகள் அழுதார்கள். அதட்டிப் பார்ப்பதில் பயனில்லை என்று எனக்குப் புரிந்தது. நான் சொன்னால் இறங்க மாட்டார்கள். இறங்கினாலும் பாதியில் மேலே ஓடி வந்துவிடுவார்கள். கன்னியம்மாவிடம் போனேன். அவர் புருஷன் தலையை மடியில் வைத்திருந்தார்.

“உங்களாலதான் முடியும்” என்றேன். “இவரு பக்கத்துல இருக்க வேண்டிய நேரம்தான். ஆனா நீங்க எறங்கினாத்தான் அவுங்க எறங்குவாங்க.”

அவர் வேலுவின் முகத்தைத் துடைத்தார். தலையைச் செல்வத்தின் மடிக்கு மாற்றினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கி, கயிற்றின் கடைக்கோடிக்கு, ஆழம் அதிகமான இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். “வாங்க” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பெரியவர்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

சாமான்களை ஓரத்தில் குவித்து, தார்ப்பாய்களைச் சுருட்டி, அவற்றின் மேல் கல்லும் கட்டையும் வைத்தோம். ஆடுகளைக் கீழே கட்டினோம். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது போலத்தான் தெரிந்தது. அதற்குள் வேலுவின் பேச்சு நின்றுபோயிருந்தது. செல்வம் முகமூடியை அவர் வாயில் பொருத்தி, பையை அமுக்கிக் காற்றுக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். ஒரு மனிதனின் மூச்சு இன்னொருவரின் கையில் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஹெலிகாப்டர் வடக்கிலிருந்து வந்தது. பைலட் எனக்குப் பழக்கமானவர். நான் காற்றின் திசை சொன்னேன். அவர் ஒரு சுற்று வந்து, தாழ்ந்து, தென்னை உயரத்துக்கு இறங்கினார். காற்று மேட்டை அறைந்தது. தண்ணீரில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். குவியலின் அடியிலிருந்த நீலத் தார்ப்பாயின் ஒரு மூலை படபடத்தது. அதன் மேலிருந்த கல் ஒன்று உருண்டது. மூலை விரிந்து, முழங்கால் உயரத்துக்குப் புடைத்து எழும்பியது. அதன் முனையில் கூடாரம் கட்டிய கயிறும் மூங்கில் முளையும் தொங்கிக்கொண்டிருந்தன.

அது எழும்பி விசிறியில் சுற்றிக்கொண்டால் ஹெலிகாப்டர் நிற்காது. விழும். விழுகிற இடத்தில் வேலு, செல்வம், நான். கையெட்டும் தூரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிற மொத்த ஊர்.

அது நிச்சயம் எழும்பியிருக்கும் என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. சுருண்டு ஆற்றில் விழுந்திருக்கலாம். இன்னும் ஒரு கல் தாங்கியிருக்கலாம். யோசிக்க அவகாசம் இருந்திருந்தால் அந்த ‘லாம்’கள் என்னைக் கரைத்திருக்கும். என் காலடியில் ஒருவர் மூச்சில்லாமல் கிடக்கிறார். அவருக்காக வந்த வண்டி தலைக்கு மேல் நிற்கிறது. இறங்கட்டும் என்றுதான் என் உடம்பில் ஒவ்வொரு எலும்பும் சொன்னது.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகக் காட்டினேன். மறுபடியும் மறுபடியும் காட்டினேன்.

பைலட் ஏன் என்று கேட்கவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு விலகிப் போய்விட்டார். நம் தொழிலின் அழகே அதுதான். முதலில் கீழ்ப்படிவது, பிறகு கேட்பது.

சத்தம் தேய்ந்ததும் வேறு சத்தம் கேட்டது. கன்னியம்மா தண்ணீரிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

“எதுக்குடி தொரத்துன? எம் புருசன் சாவறான்! கண்ணு தெரியலையா உனுக்கு?”

வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறை என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. “யாரைக் கேட்டு ரத்து பண்ணீங்க? பேஷண்ட் நிலைமை தெரியுமில்ல?”

என்னிடம் விளக்கம் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அது முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசாதீர்கள். அடுத்த வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

“அப்பறமா என்னை அடிங்க” என்றேன். “இப்ப அந்தத் தார்ப்பாயப் பாருங்க. அது மேல போனா ஹெலிகாப்டர் உங்க ஆளுங்க தலை மேலதான் விழும். அத அடக்கணும். வழி சொல்லுங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். நீல மூலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. என் காலரிலிருந்து கை இறங்கியது. அழுதுகொண்டே கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். நான்கு பேர் ஏறி வந்தார்கள். தார்ப்பாயையும் பாத்திரத்தையும் பலகையையும் ஒரே குவியலாக இழுத்துப் போட்டு, மேலே மீன்வலைகளை மடித்து மடித்து விரித்து, நான்கு பக்கமும் முளை அடித்தோம். அந்த முளைகளை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துப் பார்த்தேன். அவரும் உதைத்துப் பார்த்தார்.

பைலட் கூப்பிட்டார். “மேடம், கடல் பக்கம் மழை சுவர் மாதிரி நிக்குது. இன்னொரு தடவ வர்றேன். இதுவும் ஆகலன்னா திரும்பிடுவேன். அப்பறம் எப்பன்னு சொல்ல முடியாது.”

“வாங்க” என்றேன்.

கன்னியம்மா மறுபடியும் கயிற்றின் கடைக்கோடிக்குப் போய்விட்டார். யாரும் சொல்லவில்லை. அவராகப் போனார்.

இந்தமுறை காற்று அறைந்தபோது வலை விம்மியது, முளைகள் பிடித்துக்கொண்டன. நான் கையை அசைக்காமல் விரித்து நின்றேன். சக்கரம் சிமெண்டைத் தொட்டது. கதவுப்பலகையில் படுத்திருந்த வேலுவை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். செல்வம் பையை அமுக்குவதை நிறுத்தாமலேயே கூட ஏறினார். இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. நான் சரிவைப் பார்த்துக் கன்னியம்மாவுக்குக் கை காட்டினேன்.

அவர் மேலே வந்தார். புருஷனின் காலைத் தொட்டார். பிறகு திரும்பித் தண்ணீரில் நின்றவர்களைப் பார்த்தார். ஒரு பிள்ளை வழுக்கி, கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. வரிசை முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரிந்தது. ஏறச் சொல்லவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

சத்தத்தில் அவர் சொன்னது கேட்கவில்லை. செல்வத்தின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கதவை அவரே தள்ளினார். இறங்கிப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஹெலிகாப்டர் வடக்கே திரும்பிச் சிதம்பரம் நோக்கிப் போயிற்று. சற்று நேரத்தில் மழை எங்களை மூடியது.

அந்த மழையில் மேட்டின் மேல் உட்கார்ந்திருந்ததுதான் என் வேலையிலேயே கஷ்டமான நேரம். ஒன்றும் செய்வதற்கில்லை. தண்ணீர் கயிறு கட்டிய இடத்தைத் தாண்டி ஏறியது. கன்னியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் மேல் கோபமா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

வயர்லெஸ் கரகரத்தது. “பேஷண்ட் உயிரோட வந்து சேர்ந்தாச்சு. மெஷின்ல போட்டிருக்காங்க.”

“மெஷின்ல போட்டா பொழைச்சிடுவாரா?” என்று கேட்டார் கன்னியம்மா.

“தெரியலம்மா.”

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு பொய் சொன்னால், அடுத்து நான் தண்ணீரில் இறங்கு என்று சொல்வதை அவர் ஏன் நம்ப வேண்டும்? இருக்கிறதை இருக்கிறபடி சொன்னால்தான் நம் வார்த்தைக்கு மதிப்பு. அவரும் தலையசைத்தார், அவ்வளவுதான்.

மழை விட்டதும் ஹெலிகாப்டர் திரும்பி வந்தது. கயிற்றை மேல் வரிசைத் தென்னைகளுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டு, மறுபடி எல்லோரும் தண்ணீரில் இறங்கினார்கள். இந்தமுறை ஒருவரும் முணுமுணுக்கவில்லை. குழந்தைகளையும் தாய்மார்களையும் சில நடையாக அனுப்பினோம். ஒவ்வொரு தடவையும் கயிற்றின் கோடியில் கன்னியம்மா நின்றார். வெள்ளம் வடிந்து படகு வந்த பிறகுதான் அவர் திட்டை விட்டுக் கிளம்பினார்.

முதல் தடவை ஏன் திருப்பி அனுப்பினாய் என்று என்னை விசாரித்தார்கள். தார்ப்பாய் என்றேன். அது மேலே போயிருக்கும் என்று உறுதியாகத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பைலட்டையும் கேட்டார்கள். “எனக்கு அங்கேருந்து ஒண்ணும் தெரியல. அவுங்க கண்ண நம்பித்தான் நான் எறங்கறேன்” என்றாராம். அதோடு விசாரணை முடிந்தது. ஆனால் அதைவிடப் பெரிய விசாரணை ஒன்று பாக்கி இருந்தது.

வேலுவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெஷினை எடுத்துவிட்டிருந்தார்கள். தொண்டை புண்ணாகிக் குரல் எழும்பவில்லை. என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். “டாக்டரு, நீங்க பாம்பு புடிக்கறவங்களான்னு கேக்கறாரு” என்று முனகினார். “அதுதான் என்னப் புடிச்சிச்சுன்னேன்.” அறையில் எல்லோரும் சிரித்தோம். கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. டீ சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று என்னை வெளியே அழைத்துக்கொண்டு வந்தார்.

அண்ணாமலை நகர் சாலையோரக் கடை. பக்கத்தில் மாணவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தார்கள். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் குடிக்காமல் நின்றார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக் கூடாது.”

“கேளுங்க.”

“ரெண்டாவது தடவ அது வராமப் போயிருந்தா எங்க வூட்டுக்காரரு செத்துருப்பாரு.”

“ஆமா.”

“அது தெரிஞ்சேதான் வேணாம்னு கை காட்டுனீங்க.”

“தெரிஞ்சேதான்.”

“நாளைக்கே அப்படி ஒண்ணு நடந்தா?”

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். எனக்காக அல்ல, அவருக்கு எது சொல்லத் தகும் என்று.

“அதையேதான் செய்வேன்.”

அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “செத்துட்டா அப்பறம் உங்களுக்குத் தூக்கம் வருமா?”

“வராது.”

அப்படியே போய்விடுவார் என்று நினைத்தேன். போனாலும் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸைக் கடைக்காரரிடம் நீட்டினார்.

“அப்ப எனக்கும் அதக் கத்துக் குடுங்க” என்றார். “தண்ணி வர்றப்ப நீங்க கரையில மாட்டிக்கிட்டா? அங்க இருக்கறது நாங்க. வான்னு கூப்புட ஊரே கெடக்குது. வேணாம்னு சொல்ல ஒரு ஆளு வேணுமில்ல?”

முதுநகர் ரயில் நிலையத்தில் எனக்குச் சொல்லப்பட்டது அவர் காதுக்கு எட்ட வழியே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று அவராக வந்து சேர்ந்த இடம் அது.

வெளியாளைத் தளத்தில் நிறுத்த விதி இல்லை என்றார்கள். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. வார்டு மெம்பர் என்கிற முறையில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். இன்னொரு மேடும் வேண்டும் என்று கூடவே கேட்டார். அடுத்த கோடையில் தோணியில் மண் வந்து இறங்கியது. திட்டு மக்களே வெட்டிக் கொட்டி, தளத்துக்கு எட்டத்தில், அதைவிட உயரமாக ஒரு மேடு எழுப்பினார்கள். அவருக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் முறையாகப் பயிற்சி கொடுத்து, ஆரஞ்சு நிற மேல்சட்டையும் வயர்லெஸ்ஸும் கொடுத்தோம். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கையெழுத்துப் போட்ட கடைசிப் பயிற்சிச் சான்றிதழ் கன்னியம்மாவுடையது.

நீங்கள் அங்கே போனதும் அவரே உங்களைப் பார்க்க வருவார். வணக்கம் எதிர்பார்க்காதீர்கள். ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள், சரிவுகளை நடந்து பாருங்கள், அவர் காட்டுகிற இடத்தில் நில்லுங்கள். என்றாவது ஒருநாள் தலைக்கு மேல் வண்டி நிற்கும்போது, உங்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறபோது, அவர் கையைக் குறுக்காகத் தூக்குவார். அப்போது கட்டுப்பாட்டு அறையோடு சண்டை போடுங்கள். அவரோடு போடாதீர்கள்.